இல்லாத காலுக்கு வாங்கிய மெஷின்

போன வருடம் மாசி மாதம், அருவி வெட்டு முடிந்து ஊருக்குள் காசு புழங்கின நேரம், கிளிநொச்சியில் மருத்துவச் சாமான் விற்கிற கடையொன்றில் டென்ஸ் மெஷின் வாங்கினேன். விலை 6,800 ரூபா. நோ இருக்கிற இடத்தில் ஒட்டுப்பட்டிகளை ஒட்டி, தோலுக்கு மேலால் மெல்லிய மின்சாரம் விடுகிற சாமான் அது. கடைப்பொடியன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பத்து நாள் பாவியுங்கோ அக்கா, பேந்து நோ எண்ட கதையே இராது." கடையின் பெயர் வேண்டாம். பொடியன் பொய் சொல்ல வேண்டுமென்று சொன்னவன் இல்லை, பெட்டியில் எழுதியிருந்ததைத்தான் வாசித்தான். ஒரு வருடத்துக்கு மேல் பாவித்துவிட்டு எழுதுகிறேன். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முழுக்க வாசித்துவிட்டுப் போங்கள்.

முதலில் என் கால். வலது கால் முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடைதான் மிச்சம். 2010 இல் முகாமிலிருந்து திரும்பி வந்து காணி துப்புரவாக்கின நேரம் மிதிவெடி. அந்தக் கதையை இங்கே நீட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் போட்டுத் தந்தார்கள். தருமபுரத்தில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். மிதி மெஷினை ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்து, சரிவராமல் மோட்டர் பூட்டிவிட்டேன்.

எனக்கு நோ இரண்டு விதம். இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் மெஷின் எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை என்று விளங்காது.

ஒன்று, மிச்சமிருக்கிற முனையில் வருகிற நோ. கால் செய்து தருகிற இடத்தில் அதை ஸ்டம்ப் என்பார்கள். வெயிலில் சந்தைக்குப் போய் வந்தால் உளையும். அதிலே ஒரு புள்ளி இருக்கிறது, ஐந்து சத நாணயம் அளவு. அதில் தட்டுப்பட்டால் சுளீரென்று தொடை வரை ஏறும். பேராதனையில் பிசியோதெரபி படிக்கிற என் பெறாமகள்தான் அது என்னவென்று சொன்னாள். வெட்டுப்பட்ட நரம்பு திரும்ப வளரப் பார்க்குமாம். போக வழி இல்லாததால் அங்கேயே சுருண்டு முடிச்சாகிவிடும். தையல்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: மேல்நூல் இறுக்கம் பிழைத்தால் துணிக்கு அடியில் நூல் கூடு கட்டுமே, அதேதான். அந்த முடிச்சில் சோடியம் வாயில்கள் கூடிக் கிடப்பதால், யாரும் தொடாமலே அது தானாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்.

மற்றது, இல்லாத பாதத்தில் வருகிற நோ. இதைச் சொன்னால் சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பாதம் இல்லை, ஆனால் அதன் விரல்கள் உள்ளுக்கு மடங்கி இறுகிப் போய் நிற்கின்றன. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் செருப்பு வார் அறுக்கிறது. அன்றைக்கு நான் போட்டிருந்த அதே பாட்டா செருப்பு. இரவில், அதுவும் வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில், விரலை ஒருக்கால் நிமிர்த்தினால் போதும் என்றிருக்கும். நிமிர்த்த விரல் எங்கே? பைத்தியமோ என்று நானே பயந்த காலம் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைப் பார்த்த சைலஸ் வெயர் மிச்சல் என்ற வைத்தியர் இதை 1871 இலேயே எழுதி, பேய்க்கால் என்கிற அர்த்தத்தில் ஒரு பெயரும் வைத்துவிட்டார் என்று பெறாமகள் சொன்ன அன்று பாதிப் பாரம் இறங்கியது.

இனி மெஷின்.

கைத்தொலைபேசியிலும் கொஞ்சம் சின்னது. இரண்டு வயர், நாலு ஒட்டுப்பட்டி. சார்ஜ் ஏற்றுகிற பற்றரி, ஒரு தரம் ஏற்றினால் எனக்கு ஒரு கிழமை போகிறது. கரண்ட் அடிக்கடி நிற்கிற எங்கள் பக்கத்துக்கு அது பெரிய வசதி. குறிப்புப் புத்தகம் இங்கிலீசிலும் சீனத்திலும்தான். பெறாமகள் போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாசித்துத் தமிழில் சொன்னாள்.

வேலை செய்கிற விதத்தை அவள் விளக்கியது இப்படி. பிள்ளை விழுந்து முழங்கால் அடிபட்டு ஓடி வந்தால் என்ன செய்கிறோம்? தடவி விடுகிறோம். தடவினால் நோ குறைவது வெறும் செல்லம் இல்லை. நோவைக் கொண்டு போகிற நரம்பு நார்களில் மெல்லிய வகை ஒன்று உண்டு. செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில்தான் போகும், நாங்கள் நடக்கிற வேகம். தொடுகையைக் கொண்டு போகிற தடித்த நார்களோ செக்கனுக்கு ஐம்பது மீற்றர் போகும், மணிக்கு 180 கிலோமீற்றர். ஏ9 றோட்டில் கொழும்பு பஸ்கூட அப்படி ஓடாது. இரண்டும் முள்ளந்தண்டுக்குள் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன. அங்கே ஒரு படலை. தொடுகைச் செய்தி நிறைய வந்தால் படலை சாத்தப்படும், நோ வெளியில் நிற்கும். ரொனால்ட் மெல்சாக்கும் பற்றிக் வோலும் 1965 இல் சொன்ன கருத்து இது. அவர்கள் வரைந்த படத்தில் பிறகு நிறையத் திருத்தம் வந்தாலும், படலை என்கிற எண்ணம் நின்றுவிட்டது. மெஷின் செய்வது இயந்திரத் தடவல். செக்கனுக்கு எண்பது, நூறு துடிப்பு என்று விட்டால் தடித்த நார்கள் எழும்பிப் படலையைச் சாத்துகின்றன. இரண்டு மூன்று துடிப்பு என்று மெதுவாக, தசை துள்ளுகிற அளவுக்கு விட்டால் வேறு வழி: மூளைத்தண்டிலிருந்து கீழே இறங்குகிற கட்டளைகளைக் கிளப்பி, உடம்பே சுரக்கிற மோர்பின் மாதிரியான பொருட்களை வரவைக்கும்.

இந்த விளக்கத்தோடு ஒட்டிப் பார்த்தேன். முதல் நாள் பிழைத்தது. ஸ்டம்பின் முனையிலேயே ஒட்டினேன். அங்கே தோல் ஒட்டுப்போட்ட இடம், பாதி உணர்ச்சியில்லை. ஒன்றும் தெரியவில்லையே என்று கூட்டிக் கூட்டிப் போக, திடீரென்று பக்கத்துத் தோல் கடித்தது. உணர்ச்சியில்லாத தோலில் ஒட்டக் கூடாது, சுடுவதுகூடத் தெரியாது என்று பிறகு ஏச்சு வாங்கினேன். முழங்காலுக்குப் பின் மடிப்பில் ஒன்றும் தொடையின் பின்பக்கம் ஒன்றுமாக ஒட்டின பிறகுதான் சரி வந்தது. எறும்பு ஊர்வது மாதிரித் தொடங்கி, பிறகு மழை தகரத்தில் விழுவது மாதிரி ஒரு சீரான இரைச்சல், காலுக்குள்ளே. அந்த இரைச்சலுக்குள் உளைவு அமுங்கிப் போகிறது.

ஸ்டம்ப் நோவுக்கு மெஷின் நல்லது. உண்மையாகவே நல்லது. சந்தையால் வந்து அரை மணித்தியாலம் போட்டால் பத்துக்கு ஏழு என்றிருந்தது மூன்றுக்கு இறங்கும். நிற்பாட்டி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சுகம் நிற்கும். பிறகு மெதுவாகத் திரும்பி வரும். மெஷின் முடிச்சை அவிழ்ப்பதில்லை. பத்து நாளில் நோ போய்விடும் என்கிற கதை அதனால்தான் பிழை. இன்னொன்று, ஒரே எண்ணில் ஒவ்வொரு நாளும் வைத்தால் உடம்பு பழகிவிடுகிறது. ஒரு நாள் வேகம், ஒரு நாள் மெதுவு என்று மாற்றி மாற்றி வைக்கிறேன்.

நாரி உளைவுக்கும் கேட்கிறது. குனிந்து தைக்கிறவர்களுக்கு இது ஒன்றே காணும் காசுக்கு. பக்கத்து வீட்டு அக்கா கிழமைக்கு இரண்டு தரம் கேட்டு வாங்கிப் போகிறா. மெஷின் திரும்பி வரும்போது கூடவே முருங்கைக்காயும் வரும்.

இல்லாத பாதத்துக்கு? ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். சில இரவுகளில் எரிவு தணிந்தது. மடங்கின விரல் மட்டும் நிமிரவே இல்லை. 2015 இல், உலகத்தில் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் துழாவிப் பார்த்தவர்கள், துண்டிக்கப்பட்ட காலின் நோவுக்கு டென்ஸ் கேட்கிறதா என்று முறையாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்றைக்கூடக் காணவில்லையாம். பெட்டியில் எழுதியவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்ததோ.

விரல் நிமிர்ந்த கதைக்கு வருகிறேன். அதற்கு உதவினது மெஷின் இல்லை, கண்ணாடி.

சட்டை போட்டுப் பார்க்கிறவர்களுக்கென்று நாலடிக் கண்ணாடி ஒன்று என் தையல் அறையில் எட்டு வருடமாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பரந்தனில் கண்ணாடி வெட்டுகிற கடையில் 3,500 ரூபாவுக்கு வாங்கினது. பெறாமகள் ஒரு நாள், "சின்னம்மா, அந்தக் கண்ணாடியைப் படுக்கப் போட்டு நடுவில வையுங்கோ" என்றாள். தச்சு வேலை செய்கிற மாமாவைக் கூப்பிட்டு, கண்ணாடி பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்க இரண்டு கட்டை அடிக்கச் சொன்னேன். "பிள்ளை, இப்பிடி வைச்சால் ஆர் முகம் பாக்கிறது?" என்றார். "கால் பாக்கப் போறன்" என்றேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை, காசும் வாங்கவில்லை.

பாயில் இருந்து இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடி. ஸ்டம்ப் கண்ணாடிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாது. இடது கால் முன்னால். சரிந்து பார்த்தால் இடது காலின் விம்பம் வலது கால் இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும். இரண்டு காலும் இருக்கிறது! முதல் நாள் அந்த வலது பாதத்தைப் பார்த்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அழுதேன் என்றும் எழுதலாம், ஆனால் குமட்டினதுதான் கூட. இரண்டு நிமிடத்தில் எழும்பிவிட்டேன். மூன்றாம் நாள் பத்து நிமிடம் இருந்தேன். இடது விரல்களை மெதுவாக மடக்கி, மெதுவாக விரித்தேன். அதே நேரம் இல்லாத விரல்களையும் விரிக்க மனதால் முயற்சி செய்ய வேண்டும். ஆறாம் நாள், பின்னேரம் நாலரை மணி இருக்கும், மகன் டியூசனுக்குப் போயிருந்தான். கண்ணாடிக்குள் விரல் விரிந்தபோது உள்ளே மடங்கியிருந்ததும் கூடவே விரிந்தது. சிறுவிரல் பக்கமிருந்து ஒவ்வொன்றாக. கடைசியாகப் பெருவிரல். செருப்பு வார் தளர்ந்தது. பதினைந்து வருடமாகப் பொத்திப் பிடித்திருந்த கையை ஒருவர் திறந்தால் எப்படி இருக்கும், அந்த வலியும் அந்தச் சுகமும் ஒன்றாக.

இந்த வேலையைக் கண்டுபிடித்தவர் எங்கள் மொழிக்காரர் என்பதில் எனக்கு ஒரு புளுகம். வி. எஸ். ராமச்சந்திரன், 1951 இல் தமிழ்நாட்டில் பிறந்தவர், கலிபோர்னியாவில் மூளையை ஆராய்கிறவர். 1990களில் கை இழந்தவர்களுக்கென்று கண்ணாடி வைத்த பெட்டி ஒன்று செய்தார். அவர் எண்ணம் இது: மூளையின் மேற்பட்டையில் உடம்பின் வரைபடம் இருக்கிறது. கால் போனாலும் வரைபடத்தில் பாதம் இருந்த இடம் போவதில்லை. அந்த இடம் "விரி" என்று கட்டளை அனுப்பும். விரிந்தது என்று பதில் வராது. திரும்பத் திரும்பப் பதில் வராமல், விரியாது என்றே மூளை பழகிவிடும். கண்ணாடி கண் வழியாக அந்தப் பதிலைக் கொடுக்கிறது. 2007 இல் அமெரிக்காவில் கால் இழந்த 22 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு நாளைக்கு 15 நிமிடம், நாலு கிழமை. முழுவதும் செய்து முடித்தவர்களில் கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் நோ குறைந்தது. துணியால் மூடின கண்ணாடிக்கு முன்னால் இருந்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது, மூன்று பேருக்குக் கூடியும் விட்டது. சின்ன ஆய்வுதான். பிறகு வந்தவற்றில் சிலது அவ்வளவு நல்லாகச் சொல்லவில்லை.

ஏன் கேட்கிறது என்பதிலும் ஆய்வாளர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். போன உறுப்பின் இடத்தைப் பக்கத்து இடங்கள் பிடிப்பதுதான் நோவுக்குக் காரணம் என்று 1995 இல் ஜெர்மனியில் ஒரு கூட்டம் சொன்னது. காணிப் பிரச்சினை மாதிரித்தான். வரைபடம் பிசகாமல் அப்படியே இருப்பவர்களுக்குத்தான் நோ கூட என்று 2013 இல் ஒக்ஸ்போர்டில் இருந்து மறுத்தார்கள். மூளையை விடு, முள்ளந்தண்டுக்குப் பக்கத்து நரம்பு முடிச்சைப் பார் என்கிறவர்களும் உண்டு. யார் சரியோ, எனக்கு இப்போது கிழமையில் ஐந்து இரவு நித்திரை வருகிறது. போன மார்கழி வாடையில் பத்து நாள் கண்ணாடியை விட்டேன், விரல் திரும்ப மடங்கத் தொடங்கியது. விடாமல் செய்ய வேண்டும்.

தம்பியின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மெஷினைத் தலையில் ஒட்டலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

புரட்டாதியில் ஓர் இரவு முல்லைத்தீவு றோட்டில் மோட்டார் சைக்கிளில் வந்தவன், றோட்டில் படுத்திருந்த மாட்டோடு அடிபட்டான். இரவில் அந்த மாடுகள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஹெல்மெட் தலையில் இருந்தது, வார் பூட்டவில்லை. விழமுன்னே ஹெல்மெட் கழன்று போய்விட்டது. பத்து நிமிடம் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கான் எடுத்து, இரத்தக் கசிவில்லை, வெடிப்பில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது தேவையில்லை. ஆனால் பிறகு என்ன வரும் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். மூன்று மாதம் தலையிடி. உழவு மெஷின் சத்தம் கேட்டால் காதைப் பொத்துவான். வெயிலுக்கு வர மாட்டான். சொன்னதை மறப்பான், கேட்டால் சீறுவான். ஊரில் "ஸ்கானில ஒண்டுமில்லையாம், நடிக்கிறான்" என்ற கதை கிளம்பிவிட்டது.

ஸ்கான் காட்டுவது எலும்பையும் இரத்தத்தையும். மூளை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான, வழுக்கை இளநீரின் பதத்தில் இருக்கிற, நீருக்குள் மிதக்கிற சாமான். மண்டை நின்ற பிறகும் மூளை ஓடிக்கொண்டிருக்கும், முறுகும். அதற்குள் இருக்கிற கோடிக்கணக்கான நுண் நார்கள் இழுபடும். இழுபட்ட நாரில் பொட்டாசியம் வெளியே ஓடும், கல்சியம் உள்ளே வரும். இதைத் திரும்பச் சமன் செய்ய மூளைக்கு நிறையச் சக்தி வேண்டும், அதே நேரம் பார்த்து இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அந்தத் தட்டுப்பாடு சி.டி. ஸ்கான் படத்தில் விழாது. மூளைக்கு என்று நோ தெரியாது என்பதும் எனக்குப் புதினம். நோவை உணர்வது அதைச் சுற்றியிருக்கிற சவ்வு, இரத்தக் குழாய்கள், அப்புறம் கழுத்துத் தசை. தலை அடிபட்டால் கழுத்தும் அடிபட்டதுதான்.

அவன் ஒரு நாள் வந்து, "அக்கா, அந்த மெஷினை நெத்தியில ஒட்டி விடுங்கோ, இடி தாங்கேலாமல் கிடக்கு" என்று கெஞ்சினான். ஒட்டவில்லை. குறிப்புப் புத்தகத்தில் தலைக்கும் கண்ணுக்கும் கழுத்தின் முன்பக்கத்துக்கும் பெரிய குறுக்குக் கோடு போட்டிருக்கிறது. கழுத்தின் முன்பக்கம் இரத்த அழுத்தத்தைக் கவனிக்கிற இடம், அங்கே மின்சாரம் விட்டால் மயங்கி விழலாம். தலை அடிபட்டவர்களுக்கு வலிப்பு வருகிற பயமும் இருக்கிறது. ஒற்றைத் தலையிடிக்கென்று நெற்றியில் வைக்கிற கருவி வேறாக இருக்கிறதாம், அது இது இல்லை. இதயத் துடிப்புக்கென்று நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் இதைத் தொடக் கூடாது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்கள் வயிற்றிலோ நாரியிலோ ஒட்டக் கூடாது. கடைப்பொடியன் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. அவனுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றைக்குத்தான் தம்பியின் சேர்ட் பையைப் பார்த்தேன். பரசிட்டமோல் அட்டை மூன்று. ஒரு நாளும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். மாதத்தில் பாதி நாளுக்கு மேல், மாதக்கணக்கில் நோக்குளிசை போட்டால் குளிசையே தலையிடியைப் பிடித்து வைத்திருக்கும் என்று பெறாமகள் சொல்ல, கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டொக்டர் பொறுமையானவர். குளிசையை நிற்பாட்டி, இரவில் போட வேறு மருந்து தந்து, கழுத்துக்குப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். முதல் இரண்டு கிழமை இடி கூடி என்னைத் திட்டினான். மாசி முடிய உழவு மெஷினில் ஏறிவிட்டான். மறதி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஹெல்மெட் வாரை மட்டும் மறப்பதில்லை.

சரி, மெஷினின் குறைகள். பெரிய குறை ஒட்டுப்பட்டிதான். முப்பது தரம் என்று போட்டிருந்தது, எங்கள் வெயிலுக்கும் செம்மண் புழுதிக்கும் பன்னிரண்டு தரத்தில் பசை போய்விட்டது. ஒட்டமுன் தோலைக் கழுவித் துடைத்து, கழற்றின பிறகு பட்டியில் ஒரு துளி தண்ணீர் தடவி, அதன் பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி வைத்தால் இருபது வரை இழுக்கலாம். பசை போனதை பிளாஸ்டர் போட்டு ஒட்டாதீர்கள், நான் செய்தேன், ஒரு மூலையில் மட்டும் மின்சாரம் குவிந்து தோல் சிவந்துவிட்டது. வயரின் கழுத்தும் பலமில்லை, ஒன்று ஆறாம் மாதம் முறிந்து ரேடியோ திருத்துகிறவரிடம் ஈயம் பிடிக்கக் கொடுத்தேன். எண் திரை வெளியில் தெரியாது.

மெஷினுக்கு ஐந்துக்கு மூன்று. ஸ்டம்ப் நோ, நாரி, முழங்கால் என்றால் வாங்கலாம், ஆனால் ஆஸ்பத்திரி பிசியோதெரபிப் பிரிவில் ஒருக்கால் போட்டுப் பார்த்து, உங்களுக்குக் கேட்கிறதா என்று அறிந்துவிட்டு வாங்குங்கள். இல்லாத காலுக்கோ கைக்கோ என்றால் முதலில் கண்ணாடியை வையுங்கள். கண்ணாடிக்கு நாலரை. அரையைக் குறைத்தது அந்தக் குமட்டலுக்கு.

புது ஒட்டுப்பட்டி நாலு 900 ரூபா. வாங்கின கடையில் எப்போது போனாலும் "அடுத்த கிழமை வரும்" என்கிறார்கள், வவுனியாவுக்குப் போகிறவர்களிடம் சொல்லித்தான் எடுப்பிக்கிறேன். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ வேறெங்கும் கிடைக்கிறதென்றால் சொல்லுங்கோ, இரண்டு அங்குலச் சதுரம், குண்டூசி மாதிரிக் குத்துகிற வயர் முனைக்கு.